டப்பா அதேதான்

மார்ச் 3, திங்கள்

வெட்கத்தை விட்டு ஒன்றை எழுதிவிடுகிறேன். நேற்று மத்தியானம் பீரோ கதவில் ஒட்டியிருந்த தக்காளிப் பொம்மைக் காந்தத்தைப் பிய்த்தெடுத்து, மூக்குக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, பத்து நிமிஷம் மூச்சை இழுத்து இழுத்து விட்டேன். காற்றில் இருக்கிற ஆக்சிஜன் காந்தத்தைத் தேடி வருகிறதா என்று பார்க்கத்தான். ஆக்சிஜன் வந்த மாதிரி தெரியவில்லை. என் வீட்டுக்காரர் சொள்ளமுத்துதான் வந்தார். வாசலிலேயே நின்று முழுசாகப் பார்த்துவிட்டு, "ஏட்டி, இழுப்புக்கா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். உண்மையை விளக்குவதைவிட அது லேசாக இருந்தது.

எல்லாம் ஜெமிமாவால் வந்தது. நான் இந்தப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் துறையில் பதினோரு வருஷமாக அட்டெண்டர். படிப்பு அஞ்சாப்பு. குடுவைகளில் திரவ நைட்ரஜன் பிடித்து வருவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, வேண்டிய சில்லறைச் சாமான் வாங்கி வருவது, டீ என்று என் வேலைகள். ஜெமிமா நாசரேத்துப் பெண். அப்பா அங்கே சர்ச்சில் உபதேசியார். ஐந்தாவது வருஷமாக ஆராய்ச்சி செய்கிறாள். போன வாரம் அவளிடம், "ஏளா, அஞ்சு வருஷமா ஒரு சிமிழ் பொடியவே கட்டிக்கிட்டு அழுதியே, அது மூக்குப்பொடியா, பல்பொடியா?" என்று கேட்டுத் தொலைத்தேன். அவள் என்னை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டாள்.

அந்தப் பொடி முழுக்க ஓட்டையாம். இடியாப்ப அச்சு ஓட்டை மாதிரி இல்லை, அதைக் கோடி மடங்கு சின்னதாக்கிக்கொள்ள வேண்டுமாம். அந்த ஓட்டைக்குள் ஆக்சிஜனை விட்டால், டவுன் பஸ் சீட்டில் உட்காருகிற மாதிரி இரண்டிரண்டு பேராகப் போய் உட்காருமாம். ஆக்சிஜன் ஒவ்வொன்றும் குட்டிக் காந்தம். நைட்ரஜனுக்கு அந்தக் குணம் கிடையாது. சாதாரணச் சூட்டில் ஆக்சிஜன் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் ஆடிக்கொண்டிருக்கும். நன்றாகக் குளிரவைத்தால் பக்கத்துப் பக்கத்து சீட்டு இரண்டும் எதிரெதிராகத் திரும்பிக்கொள்ளும். ஒன்றின் காந்தத்தை இன்னொன்று அடித்துவிடும். வெளியில் இருந்து பார்த்தால் காந்தமே இல்லாத மாதிரி ஆகிவிடும்.

"கோவிச்சுக்கிட்ட சம்பந்திமார் ஒரே சீட்டுல உக்காந்த மாதிரின்னு சொல்லு" என்றேன். ஒருத்தி ஜன்னல் பக்கம், ஒருத்தி கண்டக்டர் பக்கம்.

அவள் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள்.

மார்ச் 4

எதிர்வீட்டுச் செண்பகம் வந்து காந்தத்தைக் கேட்டாள். அவளுக்கு மூச்சு இழுப்பு உண்டு. காந்தத்தால் எனக்கு இழுப்பு நின்றுவிட்டதாக என் வீட்டுக்காரர் தெரு முழுக்கச் சொல்லியிருக்கிறார். மாத்திரையை விட்டுவிடாதே என்று நாலு தடவை சொல்லிக் கொடுத்தனுப்பினேன். இனி உண்மையைச் சொல்ல முடியாது.

மார்ச் 6, வியாழன்

ஜெமிமாவின் ஆராய்ச்சிப் புத்தகத்தைப் படித்துப் பார்க்க அனுப்பியிருந்தார்கள் இல்லையா, அந்த வெளியூர்ப் பேராசிரியை அம்மாவிடமிருந்து பதில் வந்துவிட்டது. ரொம்பப் பாராட்டியிருக்கிறார்களாம். மூன்றாவது அத்தியாயத்தில் மட்டும் ஒரு முள். அந்த அத்தியாயம்தான் ஆக்சிஜன் சம்பந்திமார் கதை. புத்தகமே அதற்காகத்தான்.

பொடியின் காந்தத்தை அளந்தால் திரையில் ஒரு கோடு வரும். குளிரக் குளிர அந்தக் கோடு இறங்கி வந்து தரையில், அதாவது பூஜ்யத்தில், உட்கார வேண்டும். இவள் கோடு இறங்குகிறது, ஆனால் உட்காரவில்லை. தரைக்கு ஒரு விரற்கடை மேலேயே நிற்கிறது. பொடியில் இரும்பு கலந்திருக்கலாம், விளக்கம் தராமல் இந்த அத்தியாயத்தை ஏற்க இயலாது என்று எழுதியிருக்கிறார்கள். இருபத்தொன்றாம் தேதிக்குள் பதில் போக வேண்டும். அவளுக்குக் கொடுத்த கூடுதல் காலமும் அதோடு முடிகிறது. அது முடிந்துவிட்டால் பதிவு ரத்து. ஐந்து வருஷமும் போச்சு.

"எல்லாரும் மூஞ்சியத் திருப்பிட்டாவக்கா. யாரோ ஒருத்தர் மட்டும் எந்திரிச்சு நிக்காரு. அது யாருன்னுதான் தெரியல" என்றாள்.

சிரிக்கத்தான் சொன்னாள். அவளே சிரிக்கவில்லை.

காந்தம் அளக்கிற மெஷினுக்குத் திரவ ஹீலியம் வேண்டும். நைட்ரஜனே வெந்நீர் என்று சொல்லும்படியான குளிர் அது. கைவசம் ஒரே ஒரு கொள்கலன். அடுத்தது வர இரண்டு மாதம். ஆக, இருக்கிற ஹீலியத்துக்குள் நிற்கிற ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

சாயங்காலம் குடுவை எல்லாம் துடைத்துக் கவிழ்த்தேன்.

மார்ச் 7

பேராசிரியர் வைகுண்டம் சார் எல்லோரையும் நிற்கவைத்து ஒவ்வொன்றாகக் கேட்டார். பொடி செய்த பாத்திரம் கண்ணாடியா? கண்ணாடி. கிண்டிய கரண்டி இரும்பா? பிளாஸ்டிக். சீல் வைத்த கண்ணாடிக் குழாய்? புதுசு.

அந்தக் கண்ணாடிக் குழாய் தீக்குச்சி கனம்தான் இருக்கும். அதற்குள் பொடியும் ஆக்சிஜனும் போட்டு நெருப்பில் வாயை மூடிவிடுவார்கள். அதை ஒரு ஸ்ட்ராவுக்குள் செருகி, ஸ்ட்ராவை நீளக் கம்பியின் நுனியில் மாட்டி மெஷினுக்குள் இறக்குவார்கள். ஜூஸ் குடிக்கிற அதே ஸ்ட்ராதான். உலகம் முழுக்க இந்த மெஷினுக்கு அப்படித்தானாம். ஸ்ட்ராவுக்குக் காந்தம் அனேகமாகக் கிடையாது. இருக்கிற துளியையும் வெறும் ஸ்ட்ராவை அளந்து கணக்கில் கழித்துவிடுவார்கள். ஜெமிமா அதை இரண்டு வருஷத்துக்கு முன்பே அளந்து வைத்திருக்கிறாள்.

சார் என் பக்கம் திரும்பினார். "பிரமு, ஸ்ட்ரா அதே கம்பெனி ஸ்ட்ராதானே?"

"டப்பா அதேதான் சார்" என்றேன்.

பொய் சொல்லவில்லை. டப்பா அதேதான்.

மார்ச் 8, சனி

தோசைக்கு மாவு அரைத்தேன். கிரைண்டர் கல்லில் சத்தம் வருகிறது.

மார்ச் 9, ஞாயிறு

மாவு பொங்கவில்லை. பிளாஸ்டிக் ஸ்ட்ரா விற்கக்கூடாது என்று சட்டம் வந்த பிறகு எந்தக் கடையிலும் அது கிடைப்பதில்லை. பேப்பர் ஸ்ட்ராதான். எல்லோருக்கும் தெரிந்த விஷயம். சும்மா எழுதுகிறேன்.

மார்ச் 10, திங்கள்

ஜெமிமா காலையில் இருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. புதுசாகப் பொடி செய்து அளந்தும் பார்த்துவிட்டாள். கோடு அதே விரற்கடை உயரத்தில் நிற்கிறது. ஹீலியம் பாதிதான் மிச்சம். "பேசாம ஊருக்குப் போயி பள்ளிக்கூடத்துல டீச்சராச் சேந்திருதேன்க்கா. அப்பாட்ட எப்பிடிச் சொல்லன்னுதான் தெரியல" என்றாள். "சொல்லுததுக்கு முன்னால வயித்துக்கு எதாவது போடு. மயங்கி விழுந்தா உன்னையும் ஸ்ட்ராவுல செருகி இறக்கிருவாவ" என்று சொல்லி, இளநீர் வாங்க வெளிவாசலுக்குப் போனேன்.

வெளிவாசல் இளநீர்க் கடைக்காரர் நயினார் அப்போதுதான் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். அரத்தை வைத்து சரக் சரக்கென்று. தினம் காலையும் மத்தியானமும் தீட்டுவார். நான் நின்று வேடிக்கை பார்த்தேன். வேடிக்கை பார்க்க அதில் ஒன்றுமில்லை, ஆனாலும் கண் அங்கேயே போனது. அரம் ஓடுகிற இடத்துக்கு நேர் கீழே ஒரு மரப்பெட்டி. பெட்டிக்குள் சட்டம் வருவதற்கு முன்னால் வாங்கிப்போட்ட பழைய ஸ்ட்ராக் கட்டுகள், வாய் திறந்தபடி.

நயினார் ஒரு ஸ்ட்ராவை எடுத்து வாயால் 'பூ' என்று ஊதி, இளநீரில் செருகித் தந்தார். "எதுக்குண்ணாச்சி ஊதுதீய?" என்று கேட்டேன். "தூசி இருக்கும்லா" என்றார்.

விரலால் தடவிப் பார்த்தேன். கறுப்பாக வந்தது.

வீட்டுக்குப் போகிற வழியில் செண்பகத்திடம் காந்தத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டேன். இப்போது கொஞ்சம் தேவலை என்றாள்.

மார்ச் 11

அந்த ஸ்ட்ராவைக் காகிதத்தின் மேல் தட்டி, காகிதத்துக்கு அடியில் காந்தத்தை நகர்த்தினேன். காந்தம் போன பக்கமெல்லாம் தூசி கூடவே போனது. தக்காளிப் பொம்மைக்கு மேலே மீசை முளைத்த மாதிரி நின்றது.

இன்று லீவு போட்டேன். தலைவலி என்று சொல்லியனுப்பினேன்.

சரி, எழுதிவிடுகிறேன். எவர் படிக்கப்போகிறார். போன கார்த்திகையில் கம்பெனி ஸ்ட்ரா தீர்ந்துபோனது. சார், அதே கம்பெனியில் எழுதிக்கேள் என்றார். கம்பெனியிலிருந்து பதில் இல்லை. ஜெமிமா அவசரம் என்று குதித்தாள். நயினாரிடம் கேட்டேன், ஒரு ஸ்ட்ராக் கட்டைத் தூக்கித் தந்தார். அதைப் பழைய டப்பாவில் போட்டு மூடி வைத்தேன். கட்டை அப்படியே கொடுத்தால் சார் ஆயிரம் கேள்வி கேட்பார் என்று ஒரு சோம்பல். வேலையை முடித்துக் கொடுத்துவிட்டோம் என்று அன்றைக்கு ஒரு பெருமை வேறு.

சொன்னால் அந்தப் பிள்ளை என் முகத்தில் முழிக்காது. சொல்லாவிட்டால் நாசரேத்துக்குப் பஸ் ஏறிவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தெரியவில்லை. ஆனாலும் ஒரு பகல் முழுக்க யோசித்தேன்.

மார்ச் 12, புதன்

சொல்லிவிட்டேன்.

நெருப்பு வைத்துக் கண்ணாடிக் குழாயை மூடிக்கொண்டிருந்தாள். முடிக்கட்டும் என்று நின்றேன். முடித்ததும் டப்பாவை மேசையில் வைத்து, "எம்மா ஜெமிமா, டப்பா மட்டுந்தான் கம்பெனி. உள்ள இருக்கது நயினார் கட" என்றேன். அரம், பெட்டி, மீசை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னேன். என் குரல் எனக்கே யாரோ பேசுகிற மாதிரி இருந்தது.

அவள் டப்பாவைத் திறந்து ஒரு ஸ்ட்ராவை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

"நாலு மாசம்க்கா. நாலு மாசமா எம்பொடியத்தான் திட்டிட்டு இருந்தேன்" என்றாள்.

திட்டியிருந்தால் பதிலுக்கு எதையாவது சொல்லியிருப்பேன். அவள் திட்டவில்லை. என்னைத் தாண்டி வெளியே போய்விட்டாள். ஒன்றரை மணி நேரம் வரவில்லை. நான் கழுவின குடுவையையே இரண்டாம் தடவை கழுவினேன். மூன்றாவதைத் தொடும்போது வைகுண்டம் சாரோடு வந்தாள்.

சார் சத்தம் போடவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, "டப்பா அதேதான்னு சொன்னப்பவே நான் யோசிச்சிருக்கணும். கேட்ட கேள்விக்கு ஒழுங்கா பதில் சொல்ற ஆளா நீ?" என்றார். என்னை வேலையை விட்டு அனுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் ஜெமிமாவிடம், நாளைக்கு வெறும் ஸ்ட்ராவை மட்டும் இறக்கி அள, பொடியும் வேண்டாம் ஆக்சிஜனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். வாசலில் திரும்பி, நைட்ரஜன் பிடிக்க பிரமுவையே வைத்துக்கொள், அவளுக்குத்தான் கொட்டாமல் பிடிக்கத் தெரியும் என்றார்.

ஜெமிமா என்னோடு பேசவில்லை. டீயை மட்டும் வாங்கிக் குடித்தாள்.

மார்ச் 13

காலை பத்து மணிக்கு வெறும் ஸ்ட்ராவை இறக்கினோம். திரையில் புள்ளி புள்ளியாகக் கோடு வரும். கோலம் போடுகிறவளுக்குக் கை வலித்தால் எப்படிப் போடுவாளோ அந்த வேகம். பதினொன்றரை வரைக்கும் எதுவும் புரியவில்லை. பன்னிரண்டரைக்கு ஜெமிமா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள். பொடியோடு அளந்த பழைய கோடு இருந்த காகிதம் ஒன்றை எடுத்துத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். அங்கே நின்ற உயரமும் இங்கே நின்ற உயரமும் ஒன்று.

உள்ளே பொடி இல்லை. ஆக்சிஜன் இல்லை. ஸ்ட்ரா மட்டும். ஆனாலும் அந்த ஆள் நிற்கிறார்.

ஜெமிமா மேசையில் தலையைக் கவிழ்த்துவிட்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவப் போனேன். சிரித்துக்கொண்டிருந்தாள். "யக்கா, நிக்கது நயினார் அண்ணாச்சிக்கா. சம்பந்தி வீட்டுப் பஸ்ஸுல நயினார் அண்ணாச்சி ஏறி நிக்காரு" என்றாள்.

அவள் என்னோடு பேசிவிட்டாள் என்பதே எனக்குக் கொஞ்சம் கழித்துத்தான் உறைத்தது. கழிப்பறைக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தேன். கண்ணில் தூசி.

மார்ச் 14

ஸ்ட்ரா கழுவுகிற நாள். பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் கலந்த அமிலம், அதற்குப் பிறகு நாலு தடவை நல்ல தண்ணீர். துளி இரும்பு இருந்தாலும் அமிலம் கரைத்துவிடுமாம். பக்கத்தில் இரும்பே இருக்கக்கூடாது என்று ஜெமிமா என்னைச் சோதனை போட்டாள். சேலையில் ஐந்து ஊக்கு, வளையலில் இரண்டு, தாலிக்கயிற்றில் மூன்று, ஜாக்கெட்டில் ஒன்று. பதினொன்றும் ஒரு தட்டில் வைக்கப்பட்டன. "இவ்வளவு இரும்போட எப்பிடிக்கா மெஷின் பக்கத்துல நடமாடுதீய?" என்றாள். "ஊக்க எடுத்தா நான் நடமாட முடியாதுளா" என்றேன். அப்படியேதான் ஆனது. ஒரு கையால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையால் நாற்பது ஸ்ட்ரா கழுவினேன்.

மார்ச் 15, சனி

கிரைண்டர் கல்லை மெக்கானிக் மாற்றினார். இட்லி பஞ்சு மாதிரி வந்தது. என் வீட்டுக்காரர் பதினாலு சாப்பிட்டார்.

மார்ச் 17, திங்கள்

கடைசி அளவு. ஹீலியம் இதற்கு மட்டும்தான் காணும். கழுவின ஸ்ட்ராவை வெறுமனே அளந்து வைத்தாயிற்று, அது தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டது. இனி அதே ஸ்ட்ராவில் பொடியும் ஆக்சிஜனும்.

சாரும் வந்து உட்கார்ந்துவிட்டார். டீ கொடுத்தேன், யாரும் தொடவில்லை. முதலில் கோடு ஏறியது. குளிரக் குளிர ஆக்சிஜன் ஒரு பக்கமாகச் சாய ஆரம்பிக்கும், அப்படித்தான் ஏறும் என்று ஜெமிமா சொல்லியிருந்தாள். பிறகு ஒரு இடத்தில் முதுகு வளைந்தது. பிறகு இறங்கியது. சம்பந்திமார் திரும்ப ஆரம்பித்துவிட்டார்கள். நான் திரையைப் பார்க்காமல் ஜெமிமா முகத்தையே பார்த்தேன். எனக்கு அதில்தான் படிக்கத் தெரியும்.

மூன்றரைக்கு அவள் கையை எடுத்துத் தன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரையைப் பார்த்தேன். கோடு தரையில் உட்கார்ந்திருந்தது. ஒருத்தரும் நிற்கவில்லை.

சார் எழுந்து ஜன்னலைத் திறந்துவிட்டார். "பிரமு, ஆறிப்போன டீ இருக்கா?" என்றார். நாலு டம்ளர் இருந்தது. மூன்றை அவரே குடித்தார்.

அப்புறம் ஜெமிமா கேட்டாள்: "யக்கா, நீங்க சொல்லாமலே இருந்திருந்தா யாருக்கும் தெரிஞ்சிருக்காதே, ஏன் சொன்னீய?"

"உன் மூஞ்சி பாக்கச் சகிக்கல" என்றேன். "நாலு நாளா சோறு திங்காத பூன மாதிரி."

சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்தது. இறங்க வேண்டிய ஜங்ஷனை விட்டுவிட்டு வண்ணார்பேட்டை வரைக்கும் போய்விட்டேன். தூங்கவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தேன். திரும்பி நடந்து வந்தேன். கால் வலிக்கவில்லை.

மார்ச் 20

விளக்கம் போய்விட்டது. ஒரு நாள் முன்னதாகவே. இரும்பு எங்கிருந்து வந்தது என்பதை மறைக்கக்கூடாதாம், அதுதான் முறையாம். அதனால் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் 'இளநீர்க் கடையில் அரிவாள் தீட்டும் அரத்திலிருந்து வந்த இரும்புத் துகள்' என்று இங்கிலீஷில் ஏறியிருக்கிறது. நயினாரிடம் சொன்னேன். அவர் பயந்துவிட்டார். இது கேஸ் ஆகுமா என்று கேட்டார். ஆகாது என்றேன். அப்படியென்றால் ஒரு காப்பி வேண்டும் என்றார்.

இனிமேல் டப்பாவில் எதை மாற்றிப் போட்டாலும் டப்பா மேல் தேதி, கடை, என் பெயர் மூன்றும் எழுத வேண்டும் என்று சார் உத்தரவு. சீனி டப்பாவிலும் எழுதி ஒட்டிவிட்டேன்.

ஏப்ரல் 2

அந்தப் பேராசிரியை அம்மா ஏற்றுக்கொண்டார்கள். வாய்மொழித் தேர்வுக்குத் தேதி குறித்தாயிற்று.

ஏப்ரல் 24, வியாழன்

இன்றுதான் தேர்வு. பேராசிரியை அம்மா நேரிலேயே வந்திருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். ஜெமிமா பயப்படாமல் பேசினாள். நடுவில், ஒரே இருக்கையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்த இரண்டு சம்பந்திகள் என்று தமிழில் சொன்னாள். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்கள். மூன்று மணிக்குப் பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறோம் என்று எழுந்து நின்று வாசித்தார்கள். ஜெமிமாவின் அப்பா, உபதேசியார், கண்ணை மூடி ஜெபம் பண்ணினார். எனக்கும் சேர்த்துத்தான் பண்ணினாராம், பிறகு சொன்னார்.

உபதேசியார் காலையிலேயே நாசரேத்திலிருந்து பெரிய ரோஜா மாலை கொண்டுவந்திருந்தார். வெயிலில் பஸ்ஸில் வந்து அது தலையைத் தொங்கப்போட ஆரம்பித்திருந்தது. சாயங்காலம் வரைக்கும் தாங்காதே என்று வருத்தப்பட்டார். என்னிடம் கொடுங்கள், வாடாமல் வைத்துத் தருகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். தெர்மாகோல் பெட்டியில் வைத்து, மிச்சமிருந்த திரவ நைட்ரஜனை ஊற்றி மூடினேன்.

கூப்பிட்டதும் பெட்டியோடு கொண்டுபோனேன். மாலை வாடவில்லை. காலையில் இருந்ததைவிட நிமிர்ந்து நின்றது. பேராசிரியை அம்மா மேல் நாரைப் பிடித்துத் தூக்கி, ஜெமிமாவின் தலைக்கு மேலே கொண்டுபோனார்கள். வழியில் மைக் கம்பியில் லேசாகப் பட்டது. நைட்ரஜன் குளிரில் கண்ணாடியாகியிருந்த ரோஜா, வளையல் பெட்டி கீழே விழுந்த மாதிரி சத்தத்தோடு நொறுங்கியது. ஜெமிமாவின் கழுத்தில் வெறும் வாழைநார்தான் விழுந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். நான் துடைப்பம் கொண்டுவந்து பெருக்கினேன். ரோஜா ஒரு முறம் இருந்தது.